558-ஆம் எண்: மார்க் பெலாஞ்சர் ரூக்கி கார்டு வாங்கிய விதம்

பேஸ்பாலில் பேட் பிடிக்கத் திணறும் ஷார்ட்ஸ்டாப்பின் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) படக் கார்டு என்றால் மலிவாகத்தான் கிடைக்கும். பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் மார்க் பெலாஞ்சர் அப்படிப்பட்டவர்தான்: பேட்டிங் சராசரி .228, மொத்தமே 20 ஹோம் ரன். ஃபீல்டிங்கிலோ சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் குளவ் விருது 8 முறை. ஆனால் டாப்ஸ் நிறுவனத்தின் 1967 தொகுப்பில் வந்த அவரது ரூக்கி கார்டு (வீரரின் முதல் கார்டு) மட்டும் மலிவில்லை. காரணம் ஆள் இல்லை, கார்டின் எண்.

609 கார்டுகள் கொண்ட அந்தத் தொகுப்பு பல வரிசைகளாகக் கடைக்கு வந்தது. 534 முதல் உள்ளவை கடைசி வரிசை. கடைக்குக் குறைவாகவே போனது. பின்னாளில் பெரும் நட்சத்திரங்களான டாம் சீவர், ராட் கேரூவின் ரூக்கி கார்டுகளும் அதே வரிசையில்தான். பெலாஞ்சர் 558. பில் டில்மன் என்ற பந்துவீச்சாளரும் அதே கார்டில் பாதி இடத்தைப் பிடித்திருக்கிறார். பெலாஞ்சரின் முகம் மட்டும் போதும் என்பவர்கள் 1968 கார்டை வாங்கிக்கொள்ளலாம்; விலை பல மடங்கு குறைவு.

விற்பவர் அனுப்பும் ஸ்கேனை மட்டும் நம்பி நான் வாங்குவதில்லை. ஸ்கேனரின் நேர் வெளிச்சம் மெல்லிய மடிப்பை விழுங்கிவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து எடுத்த படம் முன்னும் பின்னும் கேட்டேன். மூலையருகே மயிரிழை போன்ற ஒரு கோடு அதில்தான் தெரிந்தது. அதைச் சொல்லித்தான் பேரம் பேசினேன்.

படம் கார்டின் நடுவில் இருக்கிறதா என்று பார்க்க வெள்ளை ஓரங்களை அளந்தால் போதும். இடப்பக்கம் 2 மி.மீ., வலப்பக்கம் 3 மி.மீ. என்றால் 40/60. இதற்கு நான் கவலைப்படுவதில்லை. படம் ஓரத்தைத் தொட்டால்தான் தள்ளுவேன்.

கவலைப்பட வேண்டியது தேய்மானத்தை மறைக்க ஓரம் வெட்டிய கார்டைப் பார்த்துத்தான். சரியான அளவு 2½ x 3½ அங்குலம், ஆனால் ஆலையிலேயே சிறு வித்தியாசம் உண்டு. அளவுகோல் மட்டும் தீர்ப்பு சொல்லாது. அதே ஆண்டின் மலிவான கார்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நான்கு ஓரங்களில் ஒன்று மட்டும் புதுசாக, வெளுப்பாக, கத்தி போலக் கூர்மையாக இருந்தால் சந்தேகம்தான். கார்டின் நிலையைப் பார்த்து மதிப்பெண் போடும், தரம் பிரிக்கும் நிறுவனத்துக்கு அனுப்பினால் மதிப்பெண் போடாமலே திருப்பிவிடுவார்கள். 10 மடங்கு லென்ஸில் அச்சுப் புள்ளிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்; மறுபதிப்பில் எழுத்துகளே புள்ளிகளாக உடைந்து தெரியும்.

மெழுகுக் கறை பொதுவான தொல்லை. பொதியை மெழுகுத் தாளில் ஒட்டியதால் வந்தது. முன்பக்கப் பளபளப்பின் மேல் இருந்தால் நைலான் காலுறையை விரலில் சுற்றி மெதுவாகத் தேய்த்தால் வந்துவிடும். பின்பக்கம் வெறும் அட்டை, மெழுகு ஊறிப்போயிருக்கும். அதைத் தேய்த்தால் பச்சை மையும் சேர்ந்து போகும். விட்டுவிடுங்கள்.

உறையில் போடும்போதுதான் மூலை மடியும். மெல்லிய உறையின் வாய் ஓரத்தில் கத்தரியால் சின்ன வெட்டு வைத்தால் கார்டு தடையில்லாமல் இறங்கும். பிறகு டாப் லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறை. அதன் வாயில் செலோடேப் வேண்டாம், பிசின் உள்ளே இறங்கும். பெயின்டர்கள் ஒட்டும் நீல டேப் போதும். தரம் பிரிக்க அனுப்புவதென்றால் டாப் லோடருக்குப் பதில் வளையும் உறை, வெளியே எடுக்கச் சுலபம். மடிப்பு விழுந்த கார்டுக்கு அந்தச் செலவு வீண்; என்னுடையது டாப் லோடரிலேயே இருக்கிறது.