டிக்ரேசன் சேர்

எங்கள் ஆங்கில ஆசிரியர் டிக்ரேசன் சேர் காலமான செய்தி மாசி மாதம் எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் வந்தது. முதல் இரங்கல் ‘றெஸ்ற் இன் பீஸ்’. அந்தப் பீஸை, பீ, ஐ, ஈ என்று தொடங்கி எழுதியிருந்தான் எங்கள் நண்பன். அமைதி அல்ல, துண்டு. உடனே லண்டனிலிருந்து ஒருவன், “டேய், சேர் எழும்பி வந்து உன்னை வாங்கில ஏத்தப்போறார்” என்று போட்டான். சாவுச் செய்திக்குக் கீழே ஒரே சிரிப்புப் படங்கள்.

வெள்ளிக்கிழமை நாலாம் பாடம், சேர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதும் டிக்ரேசன், நினைவிருக்கும். “காது கேட்டதை எழுதாதேங்கோடா, தலைக்கு விளங்கினதை எழுதுங்கோ” என்றுதான் தொடங்குவார். பிறகு ஒரே ஒருமுறை வாசிப்பார்: “த நைற் றோட் ஓல் நைற் ஓன் த றோட்.” முதல் நைற் குதிரை வீரன், மற்றது இராத்திரி. முதல் றோட் சவாரி போனது, மற்றது தெரு. பாதிப் பேரின் கொப்பியில் இராத்திரி குதிரையேறிப் போயிருக்கும்.

வீரனுக்கு முன்னால் சும்மா நிற்கிற ‘கே’ எதற்கு என்று ஒருவன் கேட்டான். ஒரு காலத்தில் இங்கிலிஸ்காரனும் அந்த ‘கே’யை வாயால் சொன்னவன்தான் என்றார் சேர். 1476இல் வில்லியம் கக்ஸ்டன் வெஸ்ற்மின்ஸ்ரரில் அச்சுக்கூடம் போட்டான். அதன்பிறகு எழுத்து மெல்ல மெல்ல இறுகிவிட்டது, வாய் தன்பாட்டில் போய்விட்டது. மற்ற வகுப்புகளில் இதையெல்லாம் யார் சொல்லித் தந்தார்கள்?

எங்களுக்கென்றே தனிக் குழப்பங்களும் இருந்தன. மண்டபமும் ஓட்டையும் யாழ்ப்பாணத்து வாயில் ஒன்றுதான், ஹோல். “சேர், பிறேயர் ஹோலிலயோ?” என்று கேட்டால், “ஏன், எலிகளுக்கோ பிறேயர்?” என்பார். சட்டம் படிக்கும் கனவில் ‘லோ கொலிஜ்’ என்று சொன்னவனிடம், “தாழ்ந்த கொலிஜுக்குப் போக ஏன் இவ்வளவு கஷ்டப்படுறாய்?” என்றார். அவன் பின்னாளில் சட்டத்தரணியே ஆனான், அது வேறு கதை.

சந்திக்கடைப் பலகையையும் மறந்திருக்க மாட்டீர்கள். கொப்பி, பென்சில் விற்கிற கடை. பலகையில் ‘ஸ்ரேசனரி’ என்ற சொல்லில் ‘ஈ’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ஏ’. அப்படி எழுதினால் நகராமல் நிற்பது என்று பொருள். சேர் சைக்கிளை நிறுத்தி, “முதலாளி, இது ஓடாத கடை எண்டு நீங்களே எழுதி வைச்சிருக்கிறியள்” என்று சொல்ல, அந்த மனிதர் சாபம் என்று நினைத்துச் சண்டைக்கே வந்துவிட்டார். ஊர் ஊராய்த் திரியாமல் ஓரிடத்தில் கடைபோட்டு இருந்த புத்தக வியாபாரியைத்தான் ஸ்ரேசனர் என்றார்கள், ஆகவே இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்று என்று அடுத்த நாள் வகுப்பில் விளக்கினார். முதலாளிக்கு யார் விளக்குவது!

ஆனால் அவர் எப்போதும் சிரிக்க வைத்தவர் அல்ல. எங்கள் கோல் கீப்பரின் லீவுக் கடிதத்தைச் சொல்லவேண்டும். அதிபருக்கு எழுதியதில் ‘பிரின்சிப்பல்’ கடைசியில் பீ, எல், ஈ என்று முடிந்திருந்தது. அதிபர் கொள்கையாகிவிட்டார். அவனை வாங்கில் ஏற்றி, கடிதத்தைச் சத்தமாக வாசிக்க வைத்தார். “கடைசி மூண்டு எழுத்து பீ, ஏ, எல். பால் எண்டால் சிநேகிதன். பிரின்சிப்பல் உன்ர சிநேகிதன், மறக்காதை.” அந்தச் சிநேகிதரின் பிரம்பை அறிந்த வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. காய்ச்சலில் வராமல் இருந்தவன். கடிதத்தில் அந்த ஒரு சொல்லைத் தவிர எல்லாம் சரி. அதன்பிறகு ஆங்கிலப் பாடத்தில் அவன் வாய் திறக்கவே இல்லை. இப்போது பாரிஸில் இருக்கிறான். “பிரெஞ்சுக்காரன் எழுதுறதில பாதியை வாசிக்கிறதேயில்லை, எனக்கு இதுதான் தோது” என்கிறான். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறான். அஞ்சலிக் குறிப்பு கேட்டபோது மட்டும் எழுதித் தரவில்லை.

83 கலவரத்துக்குப் பிறகு சேரின் வீட்டு விறாந்தை வேறு மாதிரி ஆகிவிட்டது. நற்சான்றிதழ், ஸ்பொன்சர் கடிதம், விசாப் படிவம் என்று பின்னேரங்களில் வரிசை. ஒரு காசு வாங்கமாட்டார். எனக்கு மாமா கொடுத்த ஸ்பொன்சர் கடிதத்தில் ‘செலவு முழுவதையும் பெயர் பண்ணுவார்’, அதாவது பொறுப்பேற்பார், என்று இருக்கவேண்டிய இடத்தில், ரைப் அடித்தவர் உடுப்புக் களைகிற ‘பெயரை’ அடித்துவிட்டார். “தம்பி, இதோட எம்பசிக்குப் போனால் உன்ர மாமா காசைக் குடுக்கமாட்டார், உரிஞ்சு காட்டுவார்” என்று சொல்லி, பஸ்ஸுக்கும் காசு தந்து திரும்ப ரவுணுக்கு அனுப்பினார். அந்தத் திருத்திய கடிதத்தோடுதான் வந்து சேர்ந்தேன். நீங்களும் பலர் அப்படித்தான். எங்களை அனுப்பி வைத்த கடிதங்களை எல்லாம் பார்த்துத் திருத்தியவர் ஒருமுறைகூடத் தனக்கென்று ஒன்று எழுதவில்லை. எழுதியிருந்தால் அதில் பிழை இருந்திராது.

எழுதவேண்டும் எழுதவேண்டும் என்று நான் அவருக்குக் கடிதம் எழுதாமலே இருந்துவிட்டேன். கனடாவில், ஸ்காபரோவில் வேலை, பிள்ளைகள், பனி, எல்லாம் உண்மையான காரணங்கள்தான்.

ஆங்கிலம் படிப்பிக்க ஆசிரியர் இல்லை, பழைய மாணவர் யாராவது ஒரு தவணையாவது வந்து நிற்க முடியுமா என்று இப்போதைய அதிபர் சங்கத்துக்கு எழுதியிருக்கிறார். காசு கேட்கவில்லை, ஆள்தான் கேட்டார். போன கூட்டத்தில் அந்தக் கடிதத்தை வாசித்தோம். நீண்ட நேரம் கதைத்தோம். அப்புறம் காசு சேர்ப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். பொருளாளரிடம் பற்றுச்சீட்டுப் புத்தகம் இருக்கிறது.