வளையம் போட நினைக்கிற மருமகளுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை தம்பியின் மகள் கொக்குவிலில் இருந்து வந்திருந்தாள். தேத்தண்ணி குடித்து முடியும்வரை ஒன்றும் கதைக்கவில்லை. பிறகுதான் மெல்லக் கேட்டாள்: "மாமி, நிறை குறைக்கச் சென்னையில போய் வயித்தில வளையம் போடுவமோ எண்டு யோசிக்கிறன். நீங்கள் போட்டனீங்கள்தானே?"

29 வயது, 82 கிலோ, சீனி வருத்தம் தொடங்கிவிட்டது. பலாலியில் ஏறினால் சென்னை கிட்டத்தான். அன்றைக்கு அவளிடம் சொன்னதையும் சொல்ல விட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்குப் போட்டது 2010இல், லண்டனில். அப்போது 104 கிலோ, பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட நிறைக் கணக்கு) 41க்கு மேல். வயிற்றின் மேல்பக்கத்தில் சிலிக்கோன் வளையம் ஒன்றைச் சுற்றிப் பூட்டுவார்கள். அதற்கு மேலே ஒரு சின்னப் பை உண்டாகும். 15 முதல் 30 மில்லிலீற்றர்தான் கொள்ளும், ஒரு முட்டையளவுகூட இல்லை. வயிற்றை வெட்டுவதில்லை, குடலில் கை வைப்பதில்லை. வளையத்திலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வந்து, தோலுக்குக் கீழே தைத்திருக்கும் போர்ட்டில், அதாவது ஊசி குத்துவதற்கான சின்ன மூடியில், முடியும். தடவினால் சட்டைப் பொத்தான் மாதிரிக் கைக்குத் தட்டுப்படும்.

ஒப்பரேசன் முடிந்து ஆறு கிழமைக்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. கட்டிலில் படுத்துத் தலையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லுவா நேர்ஸ். விரலால் போர்ட்டைத் தேடிப் பிடித்து ஊசியைக் குத்துவா. ஊசி அடியில் போய் முட்டுவது எனக்கே தெரியும். சேலைன் என்ற உப்புத் தண்ணீரை ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். பிறகு எழும்பி நின்று ஒரு கோப்பை தண்ணீர் குடிக்க வேண்டும். இறங்கினால் வீட்டுக்குப் போகலாம். நெஞ்சுக்குள் நின்றால் திரும்பப் படுக்க வேண்டும். முதல் வருடம் ஆறு தரம் அப்படிப் போய்வந்தேன். அதனால்தான் மருமகளிடம் முதலில் இதைச் சொன்னேன்: "போடுறது ஆர் எண்டு கேக்க முந்தி, பிறகு தளர்த்தப்போறது ஆர் எண்டு கேள்."

சாப்பாட்டுக் கதை பெரிய கதை. முதல் இரண்டு கிழமை தண்ணிச் சாப்பாடு, பிறகு மசித்தது, அதுக்குப் பிறகுதான் மற்றது. பாண் எனக்குக் கடைசிவரை ஒத்துவரவில்லை, உருண்டையாகி அடைக்கும். இடியப்பம் நன்றாக மென்றால் இறங்கும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. 2012இல் லீவில் வந்து இணுவிலில் ஒரு சாமத்திய வீட்டுக்குப் போயிருந்தேன். கதைத்துக் கதைத்து ஆட்டிறைச்சித் துண்டொன்றை மெல்லாமல் விழுங்கிவிட்டேன். நெஞ்சுக்குள் கல் வைத்தது போல இருந்தது. எச்சில் ஊறி ஊறி வருகிறது, அதைக்கூட விழுங்க முடியவில்லை. கிணற்றுக்கட்டைப் பிடித்தபடி முக்கால் மணித்தியாலம் நின்றேன். பின்னால் பெரியம்மா சோற்றுத் தட்டோடு வந்து, "என்ன பிள்ளை, ஒண்டும் சாப்பிடேல்லையே, கறி சரியில்லையோ?" என்று கேட்கிறா. எங்கள் ஊரில் கொஞ்சமாகச் சாப்பிட்டால் வீட்டுக்காரருக்கு மனம் நோகும். வீட்டு ஆட்களுக்கு முதலே சொல்லி வைக்க வேண்டும்.

ஐஸ்கிரீமையும் மாம்பழ ஜூஸையும் வளையம் மறிக்காது. எவ்வளவு குடித்தாலும் வழுகிக்கொண்டு போகும். சாப்பிட முடியாத நாட்களில் அவற்றில் விழுந்து நிறை குறையாமல் போனவர்களை லண்டன் கிளினிக்கில் கண்டிருக்கிறேன். எனக்கு இரண்டு வருடத்தில் 21 கிலோ குறைந்தது. முழங்கால் நோவு விட்டது, மாடிப்படி ஏற முடிந்தது. அந்த நன்றி இன்றைக்கும் இருக்கிறது.

2017இல் அம்மாவைப் பார்க்க ஊரோடு வந்துவிட்டேன். அடுத்த வருடம் இரவில் இருமல் தொடங்கியது. படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வரும், விடியத் தலையணை ஈரம். சளி என்று பாணி குடித்தே இரண்டு மாதம் போக்கினேன். அது நான் விட்ட பெரிய பிழை. இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் இளம் டொக்டர் ஒருவர் நேர்மையாகச் சொன்னார்: "அன்ரி, இதுக்கு வேற ஊசி வேணும். சாதாரண ஊசியால குத்தினா போர்ட் ஒழுகத் தொடங்கிடும். நான் தொடேல்லை." இரவு பஸ்ஸில் கொழும்பு போனேன். எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியம் மருந்தைக் குடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். வளையம் வழுகி, கீழே இருக்க வேண்டிய வயிறு மேலே ஏறியிருந்தது.

அங்கே முதற்கேள்வி, எந்த வகை வளையம், உள்ளே எத்தனை மில்லிலீற்றர் என்பது. அந்த விபர அட்டை லண்டன் வீட்டுப் பரணில் கிடந்தது. மச்சாள் தேடியெடுத்துப் படம் அனுப்ப ஒரு பகல் போய்விட்டது. சேலைனை எடுத்த அன்றிரவு நான் இருமாமல் நித்திரை கொண்டேன். ஆனாலும் வளையம் பழைய இடத்துக்கு வரவில்லை. 2019இல் கழற்றிவிட்டார்கள். இப்போது 92 கிலோ.

இதை வாசிக்கிற யாருக்காவது வளையம் இருந்தால் கவனியுங்கள். தண்ணீரே இறங்காவிட்டால், வயிற்று நோவு விடாமல் இருந்தால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். வாசலிலேயே வளையம் இருக்கென்று சொல்லுங்கள். கிழமைக்கணக்காகச் சத்தி எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்படிப்பட்டவருக்குக் குளுக்கோஸ் ஏற்ற முதல் தயமின் என்ற விற்றமின் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மூளை பாதிக்கப்படலாம். நாட்சென்று போர்ட்டடி சிவந்து சீழ் வைத்தால் வளையம் வயிற்றுச் சுவரை அரித்து உள்ளே போயிருக்கலாம். நோவுக்கு இபுபுரூபன், டைக்ளோஃபெனாக் வேண்டாம், பனடோல் போடுங்கள்.

மருமகளுக்கு இன்னும் இரண்டு விசயம். ஆசியருக்கு பி.எம்.ஐ. 27.5இலிருந்தே ஒப்பரேசனை யோசிக்கலாம் என்று 2022இல் நிறை குறைக்கும் ஒப்பரேசன் செய்கிற சேர்ஜன்மாரின் சங்கங்கள் சொல்லியிருக்கின்றன. அவளுக்கு 33. ஆகவே கேட்டதில் தவறில்லை. ஆனால் இப்போது உலகமெங்கும் வளையம் போடுவது நன்றாகக் குறைந்துவிட்டது. வயிற்றில் முக்கால் பங்கை வெட்டியெடுக்கும் சிலீவ்தான் அதிகம் நடக்கிறது. வயிற்றைச் சின்னப் பையாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் சீனி வருத்தத்துக்கு இன்னும் நன்றாகக் கேட்கும். வளையத்தைக் கழற்றலாம், வெட்டிய வயிறு திரும்பி வராது. மற்றது, கலியாணம் கட்டி இரண்டு வருடம். நிறை குறையும்போது கரு தங்கும் வாய்ப்புக் கூடும். ஆனால் ஒப்பரேசனுக்குப் பிறகு ஒன்று, ஒன்றரை வருடம் பொறுக்கச் சொல்லுவார்கள். அதை இப்போதே புருசனோடு கதைக்க வேண்டும், மாமியார் கேட்பாவே என்று பயந்து கதைக்காமல் விடக்கூடாது.

நேற்றிரவு போன் எடுத்தாள். சென்னையில் கேட்டாளாம், முதல் வருடம் ஆறு கிழமைக்கொருக்கா வர வேண்டியிருக்குமாம். இடையில் அடைத்தால் யாழ்ப்பாணத்தில் ஆரிட்டப் போறது என்று கேட்க, பிறகு சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்களாம். செவ்வாய்க்கிழமை இங்கேயே ஒரு சேர்ஜனிடம் நம்பர் எடுத்திருக்கிறாள். நானும் போகிறேன், என்ர பழைய வளைய அட்டையின் படத்தையும் எடுத்துக்கொண்டு.