வானதூதர் போன பிறகு

டிசம்பர் 19

இன்றைய வாசகத்தில் செக்கரியா. பிள்ளை வரம் கேட்டுக் கேட்டு முதுமை எட்டிவிட்ட குரு. தூபம் காட்டக் கோவிலுக்குள் போன இடத்தில் கபிரியேல் தூதர் அவரிடம், "உம் மன்றாட்டு கேட்கப்பட்டது" என்கிறார். கேட்டதே கிடைக்கும்போது அவரால் நம்ப முடியவில்லை. மகன் யோவான் பிறந்து பெயரிடும் நாள் வரை பேச்சு நின்றுபோகிறது. ஆனாலும் பிள்ளை பிறந்தது. இவர் தடுமாறினார் என்பதற்காகக் கடவுள் தம் திட்டத்தைக் கைவிடவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதல்.

டிசம்பர் 20

இன்று மரியா. சின்ன வயதிலிருந்து கேட்டுவரும் பகுதிதான், ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் மனம் நிற்கும் இடம் வேறு. "இது எப்படி நிகழும்?" என்று அவர் கேட்கிறார். தூதர் கடிந்துகொள்ளவில்லை, விளக்கம் சொல்கிறார். கடவுளிடம் கேள்வி கேட்டாலே கீழ்ப்படியாமை என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடிவதில்லை. அதன் பிறகுதான் வருகிறது, "நான் ஆண்டவரின் அடிமை, உம் சொற்படியே எனக்கு நிகழட்டும்." உலகத்தின் மீட்பர் பிறக்க, நாசரேத்தில் இருந்த ஓர் இளம்பெண்ணின் சம்மதத்துக்காகக் கடவுள் காத்திருக்கிறார்! ஆதாமும் ஆபிரகாமும் தாவீதும் அந்தப் பதிலுக்காக ஏங்குவதாக 12ஆம் நூற்றாண்டில் புனித பெர்னார்து மறையுரையில் சொன்னார். சீக்கிரம் பதில் சொல்லும், அம்மா என்று அவரே கெஞ்சுகிறார்.

அதே வசனத்தின் கடைசி வரியை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை: "அப்பொழுது வானதூதர் அவரை விட்டு அகன்றார்." அதன் பின் தூதர் திரும்பி வந்து மரியாவிடம் பேசியதாக நற்செய்திகளில் எங்கும் இல்லை. யோசேப்புக்கு எப்படிப் புரியவைப்பது, ஊர் என்ன பேசும், பிள்ளையை எங்கே பெறுவது, எதுவும் சொல்லப்படவில்லை. மகன் சிலுவையில் இறந்த கல்வாரி வரை அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவர் நடந்திருக்கிறார்.

அப்பாவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று உடன்பிறந்தவர்களிடம் சொன்ன அன்று மனம் நிறைந்திருந்தது. நள்ளிரவில் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டு, நனைந்த விரிப்பை உருவும்போது அந்த நிறைவெல்லாம் இருப்பதில்லை. வேலை மட்டும் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, தூதர் அகன்ற அந்த வரி இந்த முறை என்னைப் பிடித்துக்கொண்டது.

டிசம்பர் 25

இரவுத் திருப்பலி. விசுவாச அறிக்கையில் "மனிதர் ஆனார்" என்று வந்ததும் எல்லாரும் முழந்தாளிட்டோம். மற்ற நாள்களில் அந்த இடத்தில் தலைவணங்குவதோடு சரி. கிறிஸ்துமஸுக்கும் மார்ச் 25ஆம் தேதி மங்கள வார்த்தைத் திருவிழாவுக்கும்தான் முழந்தாள். மரியா சம்மதித்ததற்கும் பிள்ளை பிறந்ததற்கும் ஒரே வணக்கம். திருச்சபை எவ்வளவு சரியாக யோசித்திருக்கிறது!

குடிலில் இருந்த குழந்தையைப் பார்த்தபோது தோன்றியது: கழுத்து நிற்காத வயதில் நம் கடவுள். தூக்கவும் துடைக்கவும் யாராவது வேண்டும். "உமது திருவுளத்தை நிறைவேற்ற, இதோ வருகின்றேன்" என்று அவர் உலகுக்கு வரும்போதே சொன்னதாக எபிரேயர் திருமுகம் சொல்கிறது. தந்தையின் விருப்பத்துக்கு முதலில் தம்மைக் கொடுத்தவர் மகன்தான். நம்மிடம் எதைக் கேட்டாலும் தாம் செய்யாத ஒன்றை அவர் கேட்பதில்லை.

டிசம்பர் 28

மாசில்லாக் குழந்தைகள் விழா. அப்பாவைப் பார்க்க வந்த உறவினர் ஒருவர், "எல்லாம் கடவுள் சித்தம்" என்றார். அன்போடு சொன்னது, அதனால் மறுத்துப் பேசவில்லை. ஆனால் பெத்லகேம் குழந்தைகளைக் கொன்றது ஏரோது அரசனின் சித்தம். மத்தேயு அங்கே, பிள்ளைகளை இழந்து அழும் தாய் ராகேலின் அழுகையை எடுத்துச் சொல்கிறார். கடவுள் இதை விரும்பினார் என்று எழுதவில்லை. கடவுள் விரும்பியது யோசேப்பின் கனவில் வந்தது: குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குத் தப்பி ஓடு, நான் சொல்லும்வரை அங்கேயே இரு. எவ்வளவு காலம் என்று சொல்லவில்லை. யோசேப்பு இரவோடு இரவாகக் கிளம்பிவிட்டார்.

அந்த "அங்கேயே இரு" எனக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் தம்பி வந்து சில நாள் தங்குவதாகச் சொல்லியிருக்கிறான். அப்பாவுக்கு எந்த வேளைக்கு எந்த மாத்திரை என்று அதற்குள் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும்.