ஜன்னலும் நடைவழியும் ஒரே சீட்டில்

அண்ணனுக்கு கர்நாடகத்தில் கலபுரகி பக்கத்திலுள்ள சேடத்தில் சிமெண்ட் ஆலை வேலை. பார்க்கப் போவதென்றால் பெங்களூரில் ராத்திரி ரயில் ஏறி, விடிந்த பிறகு கலபுரகியில் இறங்குவேன். ஒரு டிசம்பரில்தான் முதல் தடவையாக ஸ்டார் ஏர் விமானத்தில் போனேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கினால் எதிரே எம்ப்ரேயர் 145. பென்சில் போல ஒல்லி, வாலை ஒட்டி இரண்டு எஞ்சின். கதவே கீழே இறங்கிப் படிக்கட்டாக நிற்கிறது. உள்ளே இடப்பக்கம் ஒற்றை சீட், வலப்பக்கம் இரட்டை, மொத்தம் 50 பேர்தான். ஒற்றை சீட்டுக்கு மேலே பெட்டி வைக்கும் தட்டு கிடையாது. எனக்குக் கிடைத்தது 7ஏ. ஜன்னலும் எனக்கே, நடைவழியும் எனக்கே. யாரையும் எழுப்பாமல் எழுந்து போகலாம்!

அந்த ஒடுக்கத்துக்குக் காரணம் உண்டு. பிரேசிலின் எம்ப்ரேயர் முதலில் பிரசிலியா என்ற 30 பேர் போகும் புரொப்பெல்லர் விமானம் செய்தது. அதே குறுகிய உடம்பை நீட்டி ஜெட் எஞ்சின் மாட்டியதுதான் 145. 1995இல் முதலில் பறந்தது. கனடாவின் பம்பார்டியர் அதற்கு முன்பே, சேலஞ்சர் என்ற தனியார் ஜெட்டை நீட்டி சிஆர்ஜே என்ற 50 சீட் ஜெட்டைச் செய்து, 1992இல் ஜெர்மனியின் லுஃப்தான்சா சிட்டிலைனுக்குக் கொடுத்திருந்தது. அதுவரை சின்ன ஊர் என்றால் பெரும்பாலும் புரொப்பெல்லர்தான்.

அமெரிக்காவில் இந்தச் சின்ன ஜெட்கள் பெருகியதற்கு, பெரிய விமானக் கம்பெனிகள் விமானிகளோடு போட்ட ஒப்பந்தங்களும் ஒரு காரணம். சம்பளம் குறைந்த துணைக் கம்பெனிகள் ஜெட் ஓட்டலாம், ஆனால் இத்தனை சீட்டுக்கு மேல் கூடாது என்று அவற்றில் எழுதியிருந்தது. பல ஒப்பந்தங்களில் அந்த எல்லை 50. பிறகு எரிபொருள் விலை ஏறியது. 50 பேர் தலையில் பங்கு போட்டால் கட்டுப்படியாகவில்லை. சிஆர்ஜே வரிசையிலேயே கடைசியாகச் செய்த விமானம் 2021இல் வாங்கியவரிடம் போய்ச் சேர்ந்தது.

மதுரைக்காரர்களுக்கு எம்ப்ரேயர் பழக்கம்தான். 2005இல் தொடங்கி மதுரைக்கும் வந்துபோன பாரமவுண்ட் ஏர்வேஸ் ஓட்டியது 145இன் பெரிய தம்பிகளான 170, 175. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. நடு சீட்டே இல்லை. 2010இல் அது நின்றபோது அப்பா உண்மையிலேயே வருந்தினார்.

பெங்களூரிலிருந்து கலபுரகி போகும் தூரத்துக்கு ஏடிஆர் என்ற புரொப்பெல்லர் விமானமே போதும், எரிபொருளும் மிச்சம் என்பார்கள். சரியான கணக்குதான். ஆனால் 180 சீட் விமானம் கலபுரகிக்கு தினமும் நிரம்பாது. நிரம்பாவிட்டால் அது வராது. இந்த ஊரின் அளவுக்கு 50 சீட் பொருந்துகிறது. இதை இப்போது யாரும் புதிதாகச் செய்வதில்லை என்பதுதான் என் கவலை.

ஒரு மணி நேரத்தில் கீழே கரிசல் மண், அறுவடைக்கு நிற்கும் துவரைக் காடு. படியிறங்கி நடந்தே வெளியே வந்துவிட்டேன். அண்ணன் சேடம் சாலையில் வண்டியைத் திருப்பியபோது, அதே விமானம் தலைக்கு மேல் ஏறி பெங்களூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.