எஞ்சினைத் தணித்துவிட்டுக் காத்திருங்கள்

திருகோணமலைக்காரியாக இருந்தும், நீலத்திமிங்கிலத்தைப் படகில் சென்று காண எனக்கு நாற்பது வயதாகிவிட்டது. பங்குனி மாதத்து விடியற்காலையொன்றில் நிலாவெளியிலிருந்து புறப்பட்டோம். எங்கள் துறைமுக வாயிலை ஒட்டியே ஆழமான கடற்பள்ளத்தாக்கு தொடங்கிவிடுவதால், வேறு நாடுகளில் நெடுந்தூரம் போய்த் தேடவேண்டிய உயிரினம் இங்கே கரைக்கு அருகிலேயே வருகிறது. கோணேசர் கோயில் அமைந்துள்ள சுவாமி மலையில் நின்றே அதன் மூச்சு எழுவதைச் சில நாட்களில் காணலாம்.

அன்று எனக்கு மகிழ்ச்சியைவிட வருத்தமே மிஞ்சியது. தொலைவில் வெள்ளைத் தூண்போல மூச்சு எழுந்ததும் எங்கள் படகோட்டி முழு வேகத்தில் அதை நோக்கி விரைந்தார். கைபேசியில் செய்தி பரவி மேலும் மூன்று படகுகள் வந்து சேர, அவற்றுள் ஒன்று திமிங்கிலத்தின் முன்னே போய் வழியை மறித்து நின்றது. இரண்டே முறை மூச்சுவிட்ட திமிங்கிலம், வாலைத் தூக்கிக் காட்டாமலே நீருக்குள் அமிழ்ந்தது. அது இருந்த இடத்தில் எண்ணெய் பூசியதுபோல் வழவழப்பான வட்டமொன்று மட்டும் சிறிது நேரம் தெரிந்தது. "இன்னும் கிட்டப் போங்கோ அண்ணா" என்று படகிலிருந்த நாங்கள்தான் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நீண்ட முக்குளிப்பை முடித்து மேலே வரும் நீலத்திமிங்கிலம் அடுத்தடுத்துப் பலமுறை மூச்சுவிட்டு, இரத்தத்திலும் தசைகளிலும் உயிர்வளியை நிரப்பிக்கொண்ட பிறகே மீண்டும் இரைதேடி ஆழத்துக்குப் போகிறது. அந்த மூச்சுகளை இடையில் குலைத்தால் அதன் உணவு வேளையையே குலைக்கிறோம். கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் எடுத்துக்காட்டியதுபோல, இலங்கையைச் சுற்றியுள்ள நீலத்திமிங்கிலங்கள் மற்றவற்றைப் போலக் குளிர்க்கடல்களுக்கு வலசை போகாமல் ஆண்டு முழுவதும் வெப்பக்கடலிலேயே வாழ்பவை. இங்கே விரட்டப்பட்டால் அவை போய்ப் பசியாறுவதற்கு வேறொரு தென்துருவக் கடல் இல்லை.

ஆகவே குறைந்தது 100 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். முன்னாலிருந்தோ நேர் பின்னாலிருந்தோ அணுகாமல், பக்கவாட்டில், அது போகும் திசைக்கு இணையாக மெதுவாகச் செல்ல வேண்டும். தாயும் கன்றும் வந்தால் இரண்டுக்கும் இடையில் ஒருபோதும் புகக்கூடாது. ஓங்கில்கள் (டொல்பின்கள்) தாமாகவே படகின் முன்னே துள்ளி வந்தால் வேகத்தையும் திசையையும் மாற்றாமல் போனாலே போதும். கற்பிட்டிப் பக்கம் பெருங்கூட்டமாக வரும் சுழல் ஓங்கில்கள் இரவில் இரைதேடிப் பகலில் இளைப்பாறுபவை என்பதால், கூட்டத்தின் நடுவே படகை விட்டுத் துள்ளவைப்பது அவற்றின் உறக்கத்தைக் கெடுப்பதாகும்.

தெற்கே மிரிஸ்ஸ கடலில் இதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. உலகின் மிகப் பரபரப்பான கப்பல் பாதைகளுள் ஒன்று அங்கே திமிங்கிலங்களின் வழியாகவே செல்கிறது. மோதி இறந்தவை கரையொதுங்கியதும் உண்டு. 2022இல் எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்காகத் திருப்பிவிட்டது. அத்தனை பெரிய சரக்குக் கப்பல் விலகிப் போக முடியுமென்றால் எங்கள் சிறு படகுக்கு 100 மீற்றர் பெரிதல்ல.

படகோட்டியைக் குறை சொல்வது எளிது. ஆனால் கிட்டப் போனால்தான் கைநிறையக் கிடைக்கும் என்பதை அவருக்குக் கற்பித்தவர்கள் பயணிகளாகிய நாமே. அடுத்த ஆண்டு நான் வேறொரு படகில் ஏறுமுன்பே, "அண்ணா, தூரத்தில் நிண்டு பார்த்தால் காணும், துரத்த வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் தெளிந்தது. மூச்சு எழுந்த இடத்துக்கு வெகு தொலைவிலேயே எஞ்சினைத் தணித்துவிட்டு, இருவரும் வாய்விட்டு எண்ணினோம். எட்டாவது மூச்சுக்குப் பிறகு முதுகு வளைந்து, நீர் சொட்டச் சொட்ட வால் முழுவதும் மேலெழுந்து, அவசரமில்லாமல் உள்ளே இறங்கியது. கரைக்கு வந்ததும் பேசிய கூலிக்கு மேலாகவே அவர் கையில் கொடுத்தேன். எதற்காகக் கொடுக்கிறேன் என்பதையும் சொன்னேன்.