பட்டறை திறந்திருக்கு, போர்டைக் காணோம்

ஐப்பசி மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணிக்கு நாச்சியார்கோவிலில் இருந்து போன். குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கிற அண்ணன். "தம்பி, நம்ம சைட்டைத் திறந்தா கடன் விளம்பரமா வருது. கார்த்திகை ஆர்டர் வர்ற நேரம், கொஞ்சம் பாருங்க."

கும்பகோணத்தில் என் லேப்டாப்பில் திறந்தேன். அன்னம் வைத்த விளக்கு, கிளை விளக்கு எல்லாம் பளபளவென்று வந்தன. "எனக்கு வருதேண்ணே" என்றேன். சைட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் இந்தத் தொழிலில் இதைவிட உருப்படாத வாக்கியம் கிடையாது. தெரிந்தும் சொன்னேன். ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னேன், போட்டார், அதே விளம்பரம். சென்னையில் ஒரு வாடிக்கையாளருக்கும் அதே விளம்பரம், திருவாரூரில் இருக்கிற அண்ணனின் மச்சானுக்கு மட்டும் ஒழுங்காக வருகிறது. "யாரோ ஹேக் பண்ணிட்டாங்க தம்பி" என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

நானும் பாதி நம்பிவிட்டேன் என்பதுதான் கேவலம். சைட் குடியிருக்கிற கம்ப்யூட்டரான சர்வருக்குள் போய் ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, பிளகின்களை அணைத்து, பாஸ்வேர்டு மாற்றி, ஒன்றரை மணி நேரம் போனது. சர்வரில் ஒரு கோளாறும் இல்லை. டொமைன், அதாவது காசு கட்டி வைத்திருக்கிற சைட்டின் பெயர், காலாவதி ஆகியிருக்குமோ என்ற சந்தேகமும் நடுவில் வந்தது, பெயரின் பதிவு விவரத்தைக் காட்டும் ஹூஇஸ் தேடலில் போட்டுப் பார்த்தேன், முடியும் தேதி அடுத்த வருடம் என்று காட்டியது. சரி, டொமைன் உயிரோடுதான் இருக்கிறது என்று அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

அங்கேதான் ஏமாந்தேன். டாட் காம் பெயர்களுக்கு வெரிசைன் என்ற நிறுவனம் வைத்திருக்கிற மூலப் பதிவேட்டில் ஒரு வழக்கம் உண்டு. கெடு முடிந்த அன்றே அது தானாக ஒரு வருடத்தைக் கூட்டிப் போட்டுக்கொள்ளும். நாம் பணம் கட்டினோமா என்பது அதற்குத் தெரியாது. நமக்குப் பெயரை விற்ற நிறுவனம் 45 நாளுக்குள் அதை ரத்து செய்தால் பதிவேடு காசைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் தேதி அடுத்த வருடம் என்று இருந்தாலும், கீழே ஸ்டேட்டஸ் வரியில் 'ஆட்டோ ரினியூ பீரியட்' என்று இருந்தால் பணம் கட்டப்பட்டதா என்று விசாரிக்க வேண்டும். நான் தேதியைப் பார்த்தேன், கீழ்வரியைப் பார்க்கவில்லை.

கடைசியில் காட்டிக்கொடுத்தது என்எஸ்லுக்கப், ஒரு பெயர் எந்த முகவரிக்குப் போகிறது என்று கேட்கும் கட்டளை. ஒரே பெயரை, பெயருக்கு ஐபி (சர்வரின் எண் முகவரி) சொல்லும் என் பிராட்பேண்டின் டிஎன்எஸ்ஸிடம் கேட்டேன், பழைய ஐபி. கூகுள் நடத்தும் டிஎன்எஸ்ஸான 8.8.8.8-இடம் கேட்டேன், வேறு ஐபி. சரிதான் என்று, அந்தப் பதிலுக்கு மூலமான நேம்சர்வர்களின் பெயர்களைக் கேட்டால், கூகுள் சொன்ன பெயரிலேயே 'எக்ஸ்பயர்டு' என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையே கெடு முடிந்துவிட்டது. பெயரை விற்ற நிறுவனம் நேம்சர்வரை மாற்றித் தன் விளம்பரப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது. எனக்கும் திருவாரூர் மச்சானுக்கும் சைட் தெரிந்ததற்குக் காரணம் எங்கள் டிஎன்எஸ்ஸில் தேங்கி நின்ற பழைய பதில். டாட் காம் பதிவேடு ஒரு பெயருக்கான நேம்சர்வர் விவரத்தை 1,72,800 வினாடி, அதாவது இரண்டு நாள், வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் கொடுக்கிறது.

பட்டறைக்கே போய் அண்ணனிடம் விளக்கினேன். கடைசல் சத்தத்துக்கு நடுவில் கேட்டுவிட்டு, "அப்ப பட்டறை திறந்துதான் இருக்கு, போர்டை மட்டும் கழட்டிட்டுப் போயிட்டான், அதானே?" என்றார். அதேதான். நான் காலையில் இருந்து பட்டறைக்குள் பூட்டை மாற்றிக்கொண்டிருந்தேன்.

பணம் கட்டிவிடலாம் என்று லாகின் செய்யப் போனால் ஓடிபி மெயிலுக்குப் போகிறதாம். எந்த மெயில்? அதே டொமைனில் இருக்கிற இன்ஃபோ மெயில். டொமைன் செத்தால் மெயிலும் சேர்ந்து செத்துவிடும், சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிய கதை. சைட்டும் மெயிலும் குடியிருக்கிற ஹோஸ்டிங் நிறுவனத்தின் சொந்த முகவரி வழியாக நுழைந்து பழைய மெயில்களைப் பார்த்தேன். ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு நினைவூட்டல், ஒரு வாரத்துக்கு முன்னால் இன்னொன்று. இரண்டும் படிக்கப்படாமல், லாட்டரி மெயில்களுக்கு நடுவில். அனுப்பியவர்கள் ஒழுங்காகத்தான் அனுப்பியிருக்கிறார்கள். சைட்டை முதலில் போட்டுக் கொடுத்த சொந்தக்காரப் பையன் மஸ்கட் போய் நாலு வருடம் ஆகிறது, அந்த மெயிலை அதன்பிறகு யாரும் திறக்கவே இல்லை.

அண்ணன் முகம் சுண்டிப் போனதைப் பார்த்து அவருக்கு மைக்ரோசாஃப்ட் கதையைச் சொன்னேன். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர்களே ஹாட்மெயில் லாகினுக்கு வைத்திருந்த பாஸ்போர்ட் டாட் காமைப் புதுப்பிக்க மறந்து, ஹாட்மெயிலில் நுழைய முடியாமல் பலர் தவிக்க, மைக்கேல் சேனி என்ற புரோகிராமர் தன் கார்டிலேயே 35 டாலர் கட்டிச் சரிசெய்தார். "அவனுக்கே அப்படியா" என்று டீ சொன்னார்.

பழைய ரசீது ஒன்றில் கஸ்டமர் நம்பர் கிடைத்தது, ஜிஎஸ்டி சான்றிதழும் ஆதாரும் அனுப்பி, கணக்கின் மெயிலை மாற்றவே புதன் மாலை ஆகிவிட்டது. இரண்டாம் நாளே கண்டுபிடித்ததால் சாதாரணக் கட்டணத்தோடு போனது. சலுகை நாட்கள் தாண்டியிருந்தால் மீட்புக் காலம் 30 நாள், அதற்குத் தண்டம் தனி. அதையும் விட்டால் ஐந்து நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

பணம் கட்டிய பிறகும் அண்ணன் போனில் விளம்பரம் போகவில்லை. "மேட்டூரைத் திறந்தாச்சு, கடைமடைக்கு வர நாளாகும்ல" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். உண்மையில் இது அப்படி இல்லை, புதுத் தண்ணீரை இங்கே யாரும் தள்ளிவிடுவதில்லை. அங்கங்கே குட்டையில் நிற்கிற பழைய தண்ணீர் வற்றினால்தான் அந்தந்த டிஎன்எஸ் போய்ப் புதிதாகக் கேட்கும். கூகுளும், அதைப் போலவே டிஎன்எஸ் நடத்தும் கிளவுட்ஃபிளேரும் தங்கள் குட்டையை நாமே இறைத்துவிட ஒரு பக்கம் வைத்திருக்கின்றன, அங்கே போய்ப் பெயரைக் கொடுத்து அழித்தேன். மற்றவற்றுக்குக் காத்திருப்பதுதான். அவர் போனில் வெள்ளிக்கிழமை மதியம் விளக்கு தெரிந்தது.

அடுத்த கெடுவைக் காலண்டரில் குறிக்கச் சொன்னேன். "காலண்டரைத் தை மாசம் எரிச்சிடுவோம்" என்று சொல்லிவிட்டு, கரண்டு சர்வீஸ் நம்பரை பெயிண்டில் எழுதி வைத்திருக்கிற சுவரில், அதற்குக் கீழேயே தேதியை எழுதச் சொன்னார். மழை ஈரத்தில் பெயிண்ட் லேசாக வழிந்தது.