ஒலிவமலைக் குகையில மூணு தீர்க்கதரிசிகள்

எருசலேம் டூர் ப்ரோக்ராம்ல ஆகாய் தீர்க்கதரிசி கல்லறைன்னு பெரும்பாலும் போட மாட்டாங்க. ஒலிவமலைன்னா பஸ்ஸை மேல நிறுத்தி, கெதரோன் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் தங்க டூம் தெரியுற மாதிரி க்ரூப் போட்டோ எடுத்துட்டு, அப்படியே இறக்கத்துல ஆண்டவர் அழுத இடத்துச் சின்ன சர்ச், கெத்செமனே தோட்டம்னு கூட்டிட்டுப் போயிருவாங்க. ஆனா அந்த போட்டோ எடுக்குற இடத்துக்குக் கொஞ்சம் கீழயே ஆகாய், சகரியா, மல்கியா மூணு பேரையும் அடக்கம் பண்ணின இடம்னு யூதங்களும் கிறிஸ்தவங்களும் ரொம்ப காலமா சொல்லிட்டு வர்ற குகை ஒண்ணு இருக்கு. பாஸ்டர் ஐயாகிட்ட ஊர்லயே சொல்லி வச்சிருந்தேன், அவரும் சரின்னுட்டாரு, கைடுதான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாரு.

இடம் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையோடது, 19-ம் நூற்றாண்டுல வாங்கினாங்க. பார்த்துக்குறது பக்கத்து வீட்டுக் குடும்பம். படி இறங்கினா வட்டமா ஒரு அறை, கூரையில ஒரு ஓட்டை, அந்த வெளிச்சம் மட்டும்தான். அங்கிருந்து சுரங்கம் மாதிரி வழிகள் பிரிஞ்சு போகுது, உள்ள போகப் போக அரைவட்டமா வளையுது, சுவர்ல ஆள் படுக்குற அளவுக்குக் குழி குழியா வெட்டி வச்சிருக்காங்க. டார்ச் இல்லன்னா ஒண்ணும் தெரியாது. ஆராய்ச்சி பண்ணவங்க இந்த மாதிரி கல்லறை கி.மு. 1-ம் நூற்றாண்டு வாக்குல உள்ளது, தீர்க்கதரிசிங்க அதுக்கு 400 வருஷம் முந்தின ஆளுங்கன்னு சொல்றாங்க. இருக்கட்டுமே, எனக்கு அது உறுத்தல. அந்த மூணு பேரையும் ஒண்ணா நினைச்சுப் பார்க்க வேற இடம் எங்க இருக்கு.

கூட வந்த ஒரு பெரியம்மா, "தம்பி, இவங்க மூணு பேரையும் மட்டும் ஏன் ஒரே இடத்துல வச்சிருக்காங்க?"ன்னு கேட்டாங்க. மூணு பேருமே பாபிலோன் சிறையிருப்பு முடிஞ்சு வந்த காலத்துக்காரங்க பெரியம்மான்னு சொல்லிட்டேன், ஆனா சொல்லும்போதேதான் இன்னொண்ணு பிடிபட்டுச்சு. மூணு பேருமே மழையைப் பத்திப் பேசினவங்க. நீங்க ஆலயத்தைப் போட்டுட்டு உங்க வீட்டைப் பார்க்க ஓடுனதாலதான் வானம் பனியைக் கூட அடைச்சுக்கிச்சுன்னு ஆகாய் சொல்றாரு. எருசலேமுக்குக் கூடாரப்பண்டிகை ஆசரிக்க வராத வம்சத்துக்கு மழை கிடையாதுன்னு சகரியா கடைசி அதிகாரத்துல இருக்கு. தசமபாகத்தைக் கொண்டு வாங்க, வானத்தின் பலகணியைத் திறக்கிறேனா இல்லையான்னு சோதிச்சுப் பாருங்கன்னு மல்கியா. குகைக்குள்ள நின்னுக்கிட்டு இதைச் சொன்னதும் பாஸ்டர் ஐயா ஆகாய் முதல் அதிகாரத்தை எடுத்து வாசிக்கச் சொல்லிட்டாரு.

ஆகாய் பேச ஆரம்பிச்சது பெர்சியா ராஜா தரியுவோட ரெண்டாம் வருஷம், ஆறாம் மாசம் முதல் தேதி, அதாவது கி.மு. 520, நம்ம கணக்குக்கு ஆகஸ்ட் கடைசி. அந்த ஊர்ல அப்ப மழையே கிடையாது, முன்மாரி அக்டோபர் நவம்பர்லதான், பின்மாரி மார்ச் ஏப்ரல்ல. நடுவுல வர்ற கோடை முழுக்க திராட்சையும் அத்தியும் மாதுளையும் காய்ப்பு காய்க்கிறதுக்கு ராத்திரி இறங்குற பனி பெரிய துணை. அதையும் நிறுத்திட்டேன்னு கர்த்தர் சொன்னா அந்த ஜனத்துக்கு அடிவயிறு எப்படிக் கலங்கியிருக்கும்! நாங்க போனதும் கோடை முடிவுதான், எதிர்ல இருந்த மலையெல்லாம் காஞ்சு பழுப்பேறிப் போய் கிடந்துச்சு, பைபிள்ல படிச்சதை விட அதைப் பார்த்தப்பதான் பனின்னா அவங்களுக்கு என்னன்னு புரிஞ்சுது.

பாபிலோன்ல இருந்து திரும்பி வந்தவங்க வந்த புதுசுல பலிபீடம் கட்டி, ஆலயத்துக்கு அஸ்திபாரமும் போட்டுட்டாங்க. அந்தப் பக்கத்து ஜனங்க குடைச்சல் குடுக்கவும் வேலை நின்னுச்சு, நின்னது நின்னதுதான், கிட்டத்தட்ட 16 வருஷம். பலி நடக்குது, பண்டிகை நடக்குது, ஆலயம் மட்டும் பாழ். ஆனா வசதி உள்ளவன் வீடு பலகை அடிச்சு மச்சுப்பாவி முடிஞ்சிருச்சு. திரளா விதைச்சும் கொஞ்சமா அறுக்குறீங்க, கூலி வாங்கினவன் பொத்தலான பையில போட்டுட்டு வர்றான்னு ஆகாய் சொல்றது இவங்களைத்தான். 20 மரக்கால் தேறும்னு அம்பாரத்துக்கிட்ட வந்தா 10, ஆலையில 50 குடம் எதிர்பார்த்தா 20 தான். இதெல்லாம் உபாகமம் 28-ல மோசே சொன்ன சாபம்தான், பயிரைக் கெடுக்குற கருக்காய், விஷப்பனின்னு ஆகாய் சொல்றது கூட அங்க உள்ளதுதான், அதனால கேட்டவங்களுக்கு இது எங்க இருந்து வருதுன்னு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

இங்க எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கறதைச் சொல்லிடறேன். நம்ம பக்கம் இந்த அதிகாரம் எப்ப வெளிய வரும்னா சர்ச் கட்டடக் காணிக்கை அறிவிக்கிற ஞாயித்துக்கிழமைதான். பொத்தலான பை, பொத்தலான பைன்னு அழுத்திச் சொல்லும்போது வட்டி கட்ட முடியாம உக்காந்திருக்கிறவன் தலையைக் குனிஞ்சுக்குவான், இவன் கஷ்டத்துக்கு இவன் காணிக்கை குடுக்காததுதான் காரணம்னு அவன் பக்கத்துல இருக்கிறவனும் நினைச்சுக்குவான். ஆனா வசனத்தைப் பாருங்க, அந்த வார்த்தை முதல்ல போறது தேசாதிபதி செருபாபேலுக்கும் பிரதான ஆசாரியன் யோசுவாவுக்கும். திட்டு வாங்குறது வீட்டை இழைச்சு வச்சிருக்கிறவன். அப்புறம் கர்த்தர் கேட்டது காசா? மலைக்குப் போய் மரம் வெட்டிட்டு வந்து கட்டுங்கன்னாரு, அவ்வளவுதான். வெள்ளியும் பொன்னும் என்னுடையதுன்னு அடுத்த அதிகாரத்துல அவரே சொல்லிடறாரு. உடன்படிக்கை பண்ணின ஒரு ஜனத்துக்கிட்ட, அனுப்பப்பட்ட ஒரு ஆள் சொன்னதைத் தூக்கி எந்த ஊர் வறட்சிக்கும் எந்த வீட்டுக் கடனுக்கும் ஒட்டுறது எனக்கு சரியா படல. பாஸ்டர் ஐயாகிட்டயும் இதைச் சொன்னேன், அவரு பதில் சொல்லல, ஆனா மறுக்கவும் இல்ல.

எனக்கு ஆகாய்ல ரொம்பப் பிடிச்சது தேதிகள். ஜனங்க கேட்டுட்டாங்க, 23 நாள்ல, அதே மாசம் 24-ந்தேதி வேலை ஆரம்பிச்சாச்சு. தீர்க்கதரிசி சொல்லி உடனே கேட்ட ஜனம் பைபிள்ல எத்தனை இருக்கு சொல்லுங்க, எரேமியா பாவம் எத்தனை வருஷம் கத்தினாரு. அவங்க இன்னும் ஒரு கல்லு கூட எடுத்து வைக்கல, பயந்தாங்கன்னு மட்டும் இருக்கு, அதுக்குள்ள "நான் உங்களோடே இருக்கிறேன்"னு வார்த்தை வந்துருது. அப்புறம் ஒன்பதாம் மாசம் 24, அது டிசம்பர், விதைப்புக் காலம், திராட்சையும் அத்தியும் ஒலிவமும் ஒண்ணும் குடுக்கல, அன்னைக்கு சொல்றாரு இன்று முதல் ஆசீர்வதிப்பேன்னு. களஞ்சியத்துல ஒண்ணும் வந்து சேரல, வாக்கு மட்டும் வந்துருச்சு. கி.மு. 515-ல, யூதங்க கணக்குல ஆதார் மாசம் 3-ந்தேதி ஆலயம் முடிஞ்சுதுன்னு எஸ்றாவுல இருக்கு.

அன்னைக்கு சாயங்காலம் மேற்குச் சுவருக்குப் போனோம். நாங்க போனது கூடாரப்பண்டிகை வாரம், பழைய நகரத்துல பால்கனிக்கு பால்கனி குடில் போட்டு மேல பேரீச்சை ஓலை. சுவர்கிட்ட ஆம்பளைங்க ஒரு பக்கம் பொம்பளைங்க ஒரு பக்கம், கையில பேரீச்சைக் குருத்து, நார்த்தங்காய் மாதிரி ஒரு பழம், நெரிசல்னா நெரிசல். இந்தச் சுவர் செருபாபேல் கட்டினது இல்ல, ஏரோது பின்னாடி மலையை அகலப்படுத்திக் கட்டினது, அவன் ஆலயமும் கி.பி. 70-ல ரோமர் கையால போச்சு. தெற்கே கொஞ்சம் நடந்தா அப்ப தள்ளிவிட்ட கல்லுங்க தெருவுலயே குவிஞ்சு கிடக்கு, ஒவ்வொண்ணும் ஆள் உயரத்துக்கு. ஆகாயோட ரெண்டாவது பிரசங்கம் இதே பண்டிகையோட ஏழாம் நாள்தான், ஏழாம் மாசம் 21. முந்தின ஆலயத்தோட மகிமையைப் பார்த்தவன் உங்கள்ல யாரு இருக்கான்னு கேட்டாரு, சாலொமோன் ஆலயம் இடிஞ்சு அப்ப 66 வருஷம், பார்த்தவங்க இருந்தா பல்லு போன கிழவங்கதான்.

பண்டிகை முடியுற அன்னைக்கு யூதங்க மழையை நினைச்சு ஒரு ஜெபம் பண்றாங்க. ஆனா "மழை தா"ன்னு தினசரி ஜெபத்துல நேரடியா இஸ்ரவேல் தேசத்துல கேக்க ஆரம்பிக்கிறது அதுக்கு 15 நாள் கழிச்சு. பழைய காலத்துல பண்டிகைக்கு வந்தவங்கள்ல கடைசி ஆளும் ஐபிராத்து நதி வரைக்கும் நனையாம ஊர் போய்ச் சேரட்டும்னு வச்ச கணக்காம் அது, யூதங்களோட பழைய சட்டத் தொகுப்பு மிஷ்னாவுலயே இருக்கு. மழைக்காக ஏங்கிக் கிடக்குற ஜனம், வந்துட்டுப் போற விருந்தாளிக்காக 15 நாள் தள்ளி வச்சுக் கேக்குறாங்க. பெரியம்மாவுக்கு இதைச் சொன்னதும் கண்ணு கலங்கிருச்சு.

போறவங்களுக்கு: அந்தக் குகை எல்லா நாளும் எல்லா நேரமும் திறந்திருக்காது, முன்னாடியே விசாரிச்சுட்டு காலையிலயே போயிருங்க, மொபைல்ல டார்ச்சுக்கு சார்ஜ் இருக்கட்டும், படி வழுக்கும். ஆகாய் மொத்தமே ரெண்டு அதிகாரம், பஸ் மலை ஏறுறதுக்குள்ள படிச்சு முடிச்சிரலாம்.